வைக்கோல் வாசம் படத்தில் வராது

தம்பி, நீங்கள் எடுத்துப் போட்ட கைவிடப்பட்ட காகித ஆலைப் படங்கள் அருமை. ஆனால் துரு மட்டும்தான் கண்ணில் படுகிறது. எந்தப் பொறி என்ன செய்தது என்று ஒரு வரி போட்டிருக்கலாம்.

இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில், எங்கள் பக்கத்து வாழைச்சேனைக் காகித ஆலை மூடிக்கிடந்த காலத்தில் நானும் கமராவோடு போயிருக்கிறேன், காவலாளி ஐயாவிடம் அனுமதி கேட்டுத்தான். 1950களில் தொடங்கிய அந்த ஆலைக்கு மூலப்பொருளே நம் வயல் வைக்கோல். அதைக் காஸ்டிக் சோடா என்ற இரசாயனத்தோடு அவித்துக் கூழாக்கி, கம்பி வலையில் பரப்பி, நீராவியால் சூடேறும் உருளைகள் மேல் ஓடவிட்டுக் காயவைப்பார்கள். என் பெரியப்பா அங்கே வேலை செய்தவர். வேலை முடிந்து வந்தால் சட்டையில் அவித்த வைக்கோல் வாசம் அடிக்கும்.

நான் எடுத்ததில் உருப்படியானது ஒன்றே ஒன்று: ஓட்டைக் கூரை வழியே விழுந்த வெளிச்சத்தில் ஓர் உருளை, அதன் மேல் யாரோ விரலால் தூசியில் எழுதிய பெயர். பிறகு கழிவுக் காகிதத்தைக் கொண்டு ஆலையை மீண்டும் இயக்கினார்கள். அந்தத் தூசியையும் துடைத்திருப்பார்கள், சரிதான்.

அப்புறம், ஆறாவது படத்தில் துருப்பிடித்த இரும்புத் தகட்டின் மேல் நிற்கிறீர்களே, கீழே கூழ்த்தொட்டி இருக்கும். கமரா முக்காலியை வைத்துவிட்டு ஓரமாக நில்லுங்கள் தம்பி!