தைத்த செருப்பைத்தான் போட்டிருக்கிறேன்

வார் அறுந்த என் செருப்பை ஒரு பெரியவர் தைக்கிற படத்தை ஞாயிற்றுக்கிழமை போட்டிருந்தேன். அதற்கு வந்த பின்னூட்டங்களை நேற்று ராத்திரி உட்கார்ந்து முழுசாகப் படித்தேன். பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் "மாசாமாசம் கவர்மெண்ட் சம்பளம் வாங்குற டீச்சருக்கு ஒரு செருப்பு வாங்க வக்கில்லையா" என்று எழுதியவர் எனக்குச் சொந்தக்காரர். அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் நாலு பேர் என்னிடம் படித்த பிள்ளைகள். அதுதான் தூங்க விடவில்லை.

வக்கு இருக்கிறது. செருப்பு நன்றாக இருக்கிறது, வார்தான் அறுந்தது. வார் அறுந்தால் வாரைத் தைக்க வேண்டும், செருப்பைத் தூக்கிப் போடக் கூடாது. நான் சொன்னது இவ்வளவுதான்.

வேலூரில் நான் வழக்கமாகப் போகும் பெரியவர் ஒரு வேப்பமரத்தடியில் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு வாரை இழுத்துப் பார்த்தார், அடித்தோலை விரலால் அழுத்திப் பார்த்தார், "தோலு கெட்டிம்மா, இன்னும் மூணு வருசம் ஓடும்" என்றார். நூலில் மெழுகை இரண்டு தரம் தேய்த்தார். கொக்கி வைத்த ஊசியை மேலிருந்து குத்தி அடியில் நூலை மாட்டி இழுக்கிறார், அந்த வளையத்துக்குள் இன்னொரு நூலை விடுகிறார், மறுபடி குத்துகிறார். பத்துப் பன்னிரண்டு தையல். கடைசியில் செருப்பை இரும்பில் கவிழ்த்து நாலு தட்டு. நாற்பது ரூபாய். அந்தப் படத்தைத்தான் போட்டேன், அதற்குத்தான் இத்தனை கேலி.

நான் பிறந்தது வாணியம்பாடி. தோல் என்ன விலை கொடுத்து வருகிறது என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்ததற்காகப் போட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை எடுத்துப் பாருங்கள். ஒரு கிலோ தோல் பதனிடச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டுப்போனது என்றெல்லாம் வழக்குப் போட்டவர்கள் சொன்னது அதில் இருக்கிறது. எங்கள் வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு வேறு தெருவுக்கு நடந்தது எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அந்தத் தண்ணீரைக் குடித்து வந்த தோலை, ஒரு வார் அறுந்தது என்று குப்பையில் போடச் சொல்கிறீர்கள்.

அந்த அம்மா, ஹவாய் செருப்பின் குமிழ் பிய்ந்தால் அடியில் ஒரு ஊக்கைக் குறுக்கே மாட்டிவிட்டு நடந்தவள். எங்கள் மூன்று பேருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் புதுச் செருப்பு வரும், அவளுக்கு ஊக்கு. அதைப் பார்த்து வளர்ந்தவளைத்தான் கஞ்சம் என்கிறீர்கள். சரி.

இப்போது வரும் செருப்புகளைத் தைக்கவே முடியாதே என்று ஒரு தம்பி நியாயமாகக் கேட்டிருந்தார். உண்மைதான். பியூ என்கிற ஒருவகை பிளாஸ்டிக்கில் செய்த சில சோல்கள் போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலே ஈரக்காற்று பட்டுப் பொடிப்பொடியாக உதிர்கின்றன, அதில் ஊசி நிற்காது. அதனால்தான் வாங்கும்போதே தைக்க முடிகிற செருப்பா என்று திருப்பிப் பாருங்கள் என்கிறேன். 2022-ல் மத்திய அரசு வாங்கிய பொருளைப் பழுது பார்த்துக்கொள்ளும் உரிமைக்கென்று குழு அமைத்தபோது விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாதனம், வண்டி என்றுதான் ஆரம்பித்தார்கள். காலில் கிடப்பது யார் கணக்கிலும் வரவில்லை.

எல்லாரும் தைத்துப் போட்டால் ஆம்பூர் ஷூ கம்பெனிகளை மூட வேண்டியதுதான் என்கிறார் இன்னொருவர். என் சித்தியே அங்கே ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்தவர்தான். அவர் தைத்ததெல்லாம் கப்பலேறிப் போனது. என் நாற்பது ரூபாயால் அவர் பிழைப்பு கெடவில்லை, கெடாது.

"அந்தத் தொழிலே ஒழியணும்னு போராடுறோம், நீங்க அதைப் போய்ப் பாராட்டுறீங்க" என்று எழுதிய தோழருக்கு மட்டும் நான் உடனே பதில் சொல்லவில்லை. நிறைய யோசித்தேன். செருப்புத் தைப்பதைத் தலையில் கட்டிய சாதியில் பிறந்ததால் ஒருவர் அந்தச் சாக்கில் உட்கார வேண்டும் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. பெரியவரின் பேத்தி நர்சிங் படிக்கிறாள், அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் இன்றைக்கு அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். அவரைத் தாண்டிப் போய்ப் புதுச் செருப்பு வாங்கினால் சாதி ஒழிந்துவிடுமா? நான் உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தில் மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் செருப்பைக் கையால் தொடவில்லை, காலிலிருந்து கழற்றிப் பெருவிரலால் அவர் பக்கம் தள்ளிவிட்டார்கள். அவர் குனிந்து எடுத்துத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒருவர் முப்பது ரூபாயை இருபதாக்கச் சொல்லிச் சண்டை போட்டுவிட்டுப் போனார், கையில் பெரிய கடையின் பை. என் படத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் இதைப் பார்த்திருந்தால் எங்கே சிரித்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

வலது கால் செருப்பிலும் வார் லேசாக விட்டிருக்கிறது, சனிக்கிழமை கொண்டு வாங்க என்று சொல்லியிருக்கிறார். கையில் எடுத்துக்கொண்டு போகிறேன்.