ஆட்டிசம் முற்றினால் மனச்சிதைவு ஆகுமா?

"ஆட்டிசம் உள்ள பிள்ளை வளர்ந்ததும் மனச்சிதைவு நோய் வந்துவிடும்" என்று ஒரு செய்தி பரவுகிறது. இது தவறு. ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு; மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்பது இல்லாத குரல் கேட்பது போன்ற அறிகுறிகள் கொண்ட மனநோய். ஒரு காலத்தில் மருத்துவர்களே இரண்டையும் குழப்பிக்கொண்டார்கள். 1980இல் வந்த அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூலின் மூன்றாம் பதிப்பு இரண்டையும் தனித்தனியாகப் பிரித்தது. ஆட்டிசத்தின் அறிகுறிகள் சிறு வயதிலேயே தொடங்கும்; மனச்சிதைவு பெரும்பாலும் பதின்வயதின் இறுதியிலோ இருபதுகளிலோதான்.

சரி, தொடர்பே இல்லையா? இருக்கிறது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்; ஆனாலும் பெரும்பாலோருக்கு வருவதில்லை. அவர்களிடம் அதிகம் காண்பது பதற்றமும் மனச்சோர்வும். அது கவனிக்கப்படாமல் போவதுதான் எனக்கு வருத்தம்.

அப்புறம், "குரல் கேட்கிறதா?" என்று மருத்துவர் கேட்டால், சொல்லுக்குச் சொல் பொருள் கொள்ளும் ஆட்டிசம் உள்ளவர் பக்கத்து அறைப் பேச்சை நினைத்து "ஆமாம்" என்றுவிடலாம். அதை வைத்தே மனச்சிதைவு என்று முடிவுகட்டக் கூடாது.