எம்.எஸ்ஸி முடியும்வரை காத்திருக்க வேண்டாம்
‘கோடைக்கால ஆராய்ச்சிப் பயிற்சி ஐ.ஐ.டி. பிள்ளைகளுக்குத்தான், பி.எஸ்ஸி இயற்பியல் படிப்பவர்கள் எம்.எஸ்ஸி முடித்தபிறகுதான் ஆராய்ச்சிக்குப் போக முடியும்’ என்று பலர் சொல்வது தவறு. இதை நம்பி எந்தப் பிள்ளையும் ஒதுங்கிவிடக் கூடாது.

இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்குச் சாதாரணக் கலைக்கல்லூரி மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். இரண்டு மாதப் பயிற்சி. வாய்ப்பு நழுவுவது பெரும்பாலும் மதிப்பெண்ணால் அல்ல, தேதியால். மே மாதப் பயிற்சிக்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். ஏப்ரலில் தேடினால் ஒன்றும் இருக்காது. ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் தேவை. கடைசி நாளில் போய் நின்றால் அவர் நான்கு வரி பொதுப்படையாக எழுதித் தருவார், அது உதவாது. மூன்று வாரம் முன்பே மதிப்பெண் பட்டியலோடு கேளுங்கள்.

பேராசிரியருக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பலாம். ஆனால் ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்பினால் பதில் வராது. அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, ‘மூன்றாவது வரைபடத்தை நானே பைத்தான் கணினி மொழியில் போட்டுப் பார்த்தேன், இந்த இடத்தில் வளைவு ஒத்துவரவில்லை’ என்று எழுதுங்கள்.

பி.எஸ்ஸி முடித்தவுடனே ஒருங்கிணைந்த பிஎச்.டி.யிலும் (எம்.எஸ்ஸியும் பிஎச்.டி.யும் சேர்ந்த படிப்பு) சேரலாம்: பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி. (இந்திய அறிவியல் நிறுவனம்) சேர ஜாம் (JAM) என்ற தேசிய நுழைவுத்தேர்வு, மும்பை டி.ஐ.எப்.ஆர். (டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்) சேர அதன் சொந்த நுழைவுத்தேர்வு.