உலோகக் கூரைக்குப் பராமரிப்பே தேவையில்லையா?

“பெரிய கட்டடத்துக்கு உலோகக் கூரை போட்டுவிட்டால் 50 வருஷத்துக்கு மேலே ஏறிப் பார்க்கவே வேண்டாம்” என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

தகடு நெடுநாள் உழைக்கும் என்பது சரிதான். அலுமினியம்-துத்தநாகக் கலவை பூசிய எஃகுத் தகடு, உப்புக்காற்று இல்லாத இடத்தில் பல பத்தாண்டுகள் தாங்கும். ஆனால் கூரை என்பது தகடு மட்டுமா? திருகுக்கு அடியிலுள்ள ரப்பர் வாஷர் வெயிலில் இறுகி வெடித்துவிடும். தகடு துருப்பிடிக்க வெகு முன்பே ஒழுகத் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

பெரிய கட்டடத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. எஃகு ஒரு டிகிரி செல்சியஸுக்கு, மீட்டருக்குச் சுமார் 0.012 மி.மீ. நீளும். 60 மீட்டர் நீளத் தகட்டில் வெப்பம் 50 டிகிரி மாறினால் அது 36 மி.மீ. இந்த அசைவுக்கு இடம் தராமல் திருகி இறுக்கினால் துளைகள் அகலமாகி, திருகு தளர்ந்து, தண்ணீர் இறங்கும். நீளமான கூரைகளில் நகரும் கிளிப்புகள் வைப்பது இதற்காகத்தான். தயவுசெய்து செலவைக் குறைக்க அதில் கை வைக்காதீர்கள்.

அப்புறம், செம்புக் குழாயிலிருந்து வடியும் நீர் துத்தநாகப் பூச்சை அரிக்கும். வடிகாலில் தேங்கும் இலைதழையும் அப்படியே. ஆண்டுக்கு இரண்டு முறையாவது மேலே ஏறிப் பாருங்கள்.