பிக்கப் வண்டி திணறினால் உடனே டீசல் பம்ப்பைக் கழற்ற வேண்டாம்

"பழைய டீசல் பிக்கப் மேட்டில் திணறினால் பம்ப் போய்விட்டது, இறக்கி வேலை பார்த்தால்தான் சரியாகும்" என்று மேலே ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். இதை நம்பி யாரும் பெரிய செலவில் இறங்கிவிடாதீர்கள். இன்ஜினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் அந்தப் பம்ப் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது.

முதலில் புகையைப் பாருங்கள். லோடோடு திம்பம் மலைப்பாதை ஏறும்போது கரும்புகை தள்ளிக்கொண்டு இழுக்கவில்லை என்றால், பெரும்பாலும் காற்றுதான் போதவில்லை. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) உள்ள வண்டியில் அதன் காற்று ஹோஸ் கிழிந்திருக்கும். செங்கல் சூளை, குவாரிப் பக்கம் ஓடும் வண்டிக்கு ஃபில்டர் சீக்கிரமே அடைக்கும். புகையே இல்லாமல் சக்தி குறைந்தால் டீசல் வந்து சேரவில்லை. டீசல் ஃபில்டரில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா பாருங்கள். டேங்க்குக்குள் இருக்கும் சல்லடை அடைத்தால் கொஞ்ச தூரம் நன்றாக ஓடி, அப்புறம் திணறும். நிறுத்திவைத்து எடுத்தால் மறுபடி ஓடும். இந்த அடையாளத்தைப் பலர் பம்ப் கோளாறு என்றே எடுத்துக்கொள்கிறார்கள். பழைய ரப்பர் டியூபும் தேய்ந்த செப்பு வாஷரும் டீசல் ஒழுகாமலே காற்றை உள்ளே இழுக்கும்.

சந்தேகம் தீர ஒரு வழி இருக்கிறது. சுத்தமான டீசல் கேனைப் பின்னால் இறுக்கிக் கட்டி, பம்ப்புக்குப் போகும் டியூபையும் மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் டியூபையும் அதில் விட்டு, அதே மேட்டில் ஓட்டிப் பாருங்கள். திணறல் நின்றால் பம்ப் நன்றாக இருக்கிறது, கோளாறு டேங்க் பக்கம். இவ்வளவும் பார்த்த பிறகும் திணறி, சூடான இன்ஜின் ஸ்டார்ட் ஆகவும் அடம்பிடித்தால் பம்ப்பைக் கழற்றலாங்க.