இருவாச்சிக் கொம்பு மருந்து அல்ல

"இருவாச்சியின் தலைக் கொம்பை இழைத்துக் குடித்தால் விஷம் இறங்கும், காட்டுப் பறவைதானே, பிடிக்கத் தடையில்லை" என்ற செய்தி சுங்கை சிப்புட் தோட்ட வாட்சாப் குழுக்களில் சுற்றுகிறது. இரண்டும் தவறு.

கொம்பின் மேல்பகுதி நம் நகத்தில் உள்ள அதே கெராட்டின்தான், விஷத்தை முறிக்காது. பாம்பு கடித்தால் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். தீபகற்ப மலேசியாவின் 10 வகை இருவாச்சிகளும் 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முழுப் பாதுகாப்பு பெற்றவை. சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் பார்க்கலாம், பெர்ஹிலித்தானிடமும் (வனவிலங்குத் துறை) கேட்கலாம்.

அப்புறம், முட்டையிடும் காலத்தில் பெண் பறவை பெருமரப் பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும். சிறு துவாரம் வழியாக ஆண்தான் அத்திப்பழம் ஊட்டும். எவ்வளவு அழகான குடும்பம்! ஆணைச் சுட்டால் உள்ளே தாயும் குஞ்சும் பட்டினி.

தயவுசெய்து அந்தத் தவறான வாட்சாப் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள்.