தனியாக மிஞ்சப் போகிறவருக்கு ஏற்ற ஊர்

ஓய்வு பெற்றபின் எந்த ஊரில் தங்குவது என்ற பேச்சு பெரும்பாலான வீடுகளில் கணவரின் ஏக்கத்தில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. அவர் நீந்திய குளம், அவர் படித்த பள்ளி, அவருடைய அப்பா கட்டிய வீடு. மனைவியிடம் கேட்டால், "உங்கள் இஷ்டம்" என்று சொல்லிவிடுகிறாள். முப்பது வருடங்களாக மாற்றல் உத்தரவு வந்த ஊருக்கெல்லாம் பெட்டி கட்டியவளுக்கு, இதுவும் கடைசியாக வந்த ஒரு மாற்றல் உத்தரவுதான்.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு ஒரு வருடத்துக்கும் மேலாக நடந்தது. அதில் நான் எடுத்த நிலையை வெளிப்படையாகவே எழுதுகிறேன், ஏனென்றால் என் வயதுப் பெண்கள் பலர் இதையே மனத்துக்குள் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார்கள்.

இருவரும் சேர்ந்து வாழப்போகும் வருடங்களை மட்டும் நினைத்து ஊரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஒருவர் போனபின் மற்றவர் தனியாக வாழக்கூடிய ஊரா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தனியாக மிஞ்சுகிறவர் பெரும்பாலும் மனைவிதான். நம் வீடுகளில் மனைவி கணவரைவிட நான்கைந்து வயதாவது இளையவள். பெண்களின் சராசரி ஆயுளும் ஆண்களின் ஆயுளைவிட அதிகம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பல பெண்கள் தங்கள் முதுமையின் பிற்பகுதியை ஒற்றை ஆளாகவே கழிக்கப் போகிறார்கள். அமங்கலமான பேச்சு என்று என் கணவரின் அக்கா காதைப் பொத்திக்கொண்டார். வீடு வாங்குவதற்கு முன்பே இதைப் பேசிவிட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

நான் கேந்திரிய வித்யாலயாவில் கணக்கு ஆசிரியை. கணவர் பாதுகாப்புத் துறைக் கணக்குப் பிரிவில் இருந்தார். ஜபல்பூர், குவாஹாட்டி, புணே, ஆவடி என்று குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாக வாழ்ந்தோம். அந்த வாழ்க்கையில் சொந்தமாக ஒரு சுவர் கிடையாது, ஆணி அடிக்கக்கூட யோசிக்க வேண்டும். ஆனால் பள்ளி, மருத்துவமனை, கேன்டீன், காய்கறிக் கடை எல்லாமே நடந்து போகும் தூரத்தில் இருந்தன. கணவர் தணிக்கை வேலையாக வாரக்கணக்கில் வெளியூர் போனபோதும் எந்த வேலையும் நின்றதில்லை. நானே கடைக்குப் போனேன், மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது இரவில் நானே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். இப்படி வாழ்ந்த ஒரு பெண்ணை, பாலும் மாத்திரையும் வாங்க இன்னொருவர் வண்டியை எடுக்க வேண்டிய இடத்தில் கொண்டுபோய்க் குடிவைப்பது நியாயமில்லை.

எங்களோடு வேலை பார்த்த சில தமிழ்க் குடும்பங்கள் ஜபல்பூரிலேயே தங்கிவிட்டன. அங்கே பீரங்கி வண்டித் தொழிற்சாலை 1904-இல் தொடங்கியது. அதையும் மற்றப் படைக்கலத் தொழிற்சாலைகளையும் நம்பித் தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருக்கும் நம்மவர்கள் உண்டு. அகலமான சாலைகள், மரங்கள், நர்மதைக் கரை என்று எனக்கும் பிடித்த ஊர் அது. அவர்கள் எடுத்த முடிவு அவர்களுக்குச் சரி, அவர்களுடைய பிள்ளைகளுக்கு அதுதான் ஊர். எனக்குத் தடையாக நின்றது நோய்தான். எத்தனை வருடம் இந்தி பேசினாலும், உடம்பு முடியாமல் படுத்திருக்கும்போது எனக்குத் தமிழ்தான் வருகிறது. எழுபத்தைந்து வயதில் மருத்துவரிடமும் செவிலியரிடமும் தடுமாற நான் விரும்பவில்லை.

மகள் பெங்களூரில் இருக்கிறாள். அங்கேயே வந்துவிடுங்கள் என்று மனமாரக் கூப்பிட்டாள். அவள் வேலை இன்னும் எத்தனை வருடம் அந்த ஊரில் இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. பிள்ளைகளுக்குப் பின்னால் போய்க் குடியேறியவர்கள், பிள்ளைகள் அமெரிக்காவுக்கோ சிங்கப்பூருக்கோ கிளம்பியதும் அறிமுகமில்லாத அடுக்ககத்தில் மிஞ்சி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சென்னையையும் யோசித்தோம். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நாங்கள் ஆவடியில் இருந்தோம். 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் குடிநீர் கொண்டுவர வேண்டியிருந்தது. மருத்துவத்துக்கு அந்த நகரத்தை மிஞ்ச முடியாது என்பது உண்மை. ஆனால் எங்கள் பணத்துக்கு வீடு கிடைக்கும் இடமெல்லாம் புறநகரில், நடைபாதையே இல்லாத சாலைகளில் இருந்தது.

கோவையைச் சுற்றி மூத்தோருக்கென்றே கட்டப்பட்ட குடியிருப்புகள் நிறைய வந்துவிட்டன. இரண்டு இடங்களுக்குப் போய்ப் பார்த்தோம். சுத்தமாக இருந்தன, சாப்பாடு நன்றாக இருந்தது, கூப்பிட்டால் செவிலியர் வருகிறார். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே மாதாமாதம் கட்டணம் உண்டு, அது வருடாவருடம் ஏறுகிறது. வருமானமோ ஒரு நாள் சட்டென்று இறங்கப் போகிறது. பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள மத்திய அரசு ஊழியருக்கு ஓய்வூதியம் கடைசி ஊதியத்தில் பாதி. அவர் காலமானபின் மனைவிக்கு வரும் சாதாரண குடும்ப ஓய்வூதியம் அதே கடைசி ஊதியத்தில் 30 சதவீதம். அதாவது நூறு ரூபாய் வந்த இடத்தில் அறுபது ரூபாய். எண்பது வயதானால் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும், அதுவரை அந்த அறுபதுதான். எனக்கென்று தனியாக ஓய்வூதியம் இருக்கிறது. வேலைக்குப் போகாமல் குடும்பத்துக்காகவே ஊர் ஊராக அலைந்த பெண்களுக்கு அதுவும் இல்லை. கணவரின் முழு ஓய்வூதியத்தை வைத்துக் கட்டணத்தைக் கணக்குப் போடுகிறவர்கள், அந்த அறுபதை வைத்து இன்னொரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். கணக்கு ஆசிரியையாகவே கேட்டுக்கொள்கிறேன்.

மலைமேல் வீடு வாங்கும் ஆசை என் கணவருக்குச் சில மாதங்கள் இருந்தது. மழைக்காலத்தில் ஒரு முறை மேட்டுப்பாளையம் சாலையில் மணிக்கணக்காக நின்றபின் அது தானே அடங்கிவிட்டது.

பிறகு மிஞ்சியது அவருடைய ஊர். தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணிப் பாசனத்தில் வாழையும் நெல்லும் விளையும் கிராமம். அழகான ஊர். ஆற்றில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு வீட்டுக்கு நடந்து வரும் சுகத்தை நானும் அனுபவித்திருக்கிறேன். அங்கே என் கணவரின் அண்ணன் இருக்கிறார், அவருடைய மனைவி இருக்கிறார். என்னைச் சொந்தத் தங்கைபோல வைத்திருக்கும் அக்கா அவர். ஒரு சாவு, ஒரு நோய் என்றால் தெருவே திரண்டு வந்து நிற்கும். நகரத்தில் அது கிடைக்காது. கிராமத்துக்குத் திரும்பிப் போகிறவர்களை நான் இளப்பமாகப் பேச மாட்டேன்.

ஆனாலும் நான் மறுத்தேன். முதல் காரணம் அந்த வீடு. அது பாகம் பிரிக்காத பூர்வீக வீடு. ஓய்வூதியப் பணத்தைப் போட்டு இரண்டு அறை கட்டி, குளியலறையை வீட்டுக்குள் கொண்டுவருவது என்று என் கணவர் திட்டம் போட்டார். பத்திரத்தில் எல்லைகள் பிரியாத இடத்தில் ஒருவர் பணம் போட்டுக் கட்டிவிட்டு இறந்துபோனால், எந்தச் சுவர் யாருக்கு என்று அவருடைய மனைவி யாரிடம் போய்க் கேட்பாள்? வாரிசுச் சட்டம் அவளுக்குப் பங்கு தருகிறது. அந்தப் பங்கைக் கேட்டு வாங்கும் தெம்பையும் செலவையும் சட்டம் தராது. அண்ணன் தங்கமானவர். அவருடைய பேரப்பிள்ளைகள் காலத்திலும் நிலைமை இப்படியே இருக்கும் என்று யாரும் எழுதித் தர முடியாது.

இரண்டாவது காரணம் 2023 டிசம்பர். அந்த மாதம் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது. அணைகளும் நிரம்பித் தாமிரபரணி கரைகடந்தது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். எங்கள் ஊர் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். மூட்டுவலியோடு இருந்த அக்காவை மகன்கள் இருவரும் மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். நாங்கள் விடாமல் அழைத்தோம், ஒரு தொலைபேசியும் எடுக்கவில்லை. அக்காவைத் தூக்க மகன்கள் இருந்தார்கள். என்னை யார் தூக்குவார்கள் என்று நான் கேட்டபோது என் கணவரிடம் பதில் இல்லை.

மூன்றாவது காரணத்தைத்தான் பலர் சொல்லத் தயங்குகிறார்கள். கணவனை இழந்த பெண்ணைக் கிராமம் கைவிடுவதில்லை, சோறு போடும். ஆனால் அவள் எந்த விசேஷத்தில் முன்னால் நிற்கலாம், எந்த நேரத்தில் வெளியே போகலாம், யார் வீட்டுக்கு வரலாம் என்று கணக்கும் வைத்துக்கொண்டே இருக்கும். இப்போது நிறைய மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. இருந்தாலும் நிச்சயதார்த்தத் தட்டைத் தொடும் நேரத்தில் பின்னால் நகர்ந்து நிற்கும் பெண்களை அதே ஊரில் சென்ற ஆவணியிலும் பார்த்தேன். வகுப்பறையில் முப்பது வருடம் முன்னால் நின்ற பெண் நான். என்னால் அப்படி நகர முடியாது.

கடைசியில் நாங்கள் இருவரும் ஒப்புக்கொண்ட ஊர் பாளையங்கோட்டை. கிராமத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம். திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இங்கே ஹைகிரவுண்ட் பகுதியில்தான் இருக்கிறது. சுற்றிலும் தனியார் மருத்துவர்களும் பரிசோதனைக் கூடங்களும் இருக்கின்றன. நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால் ஆட்டோவில் பத்து நிமிடம். மகாராஜநகரில் உழவர் சந்தை இருக்கிறது. வ.உ.சி. மைதானத்தில் காலையிலும் மாலையிலும் பெண்கள் கூட்டம் கூட்டமாக நடக்கிறார்கள், தனியாக நடக்கிறவளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பள்ளிகளும் கல்லூரிகளும் நெருங்கி நிற்கும் ஊர். 1923-இல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரி நூறு வருடங்களைக் கடந்துவிட்டது. படித்த, வேலை பார்த்த, தனியாக வாழ்கிற பெண்களைப் பல தலைமுறையாகப் பார்த்துப் பழகிய ஊர் இது. என்னை ஏன் எதற்கு என்று கேட்காது.

சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பணத்தைவிட அந்தச் சுதந்திரம் எனக்குப் பெரிது. யாரிடமும் சொல்லாமல், சில்லறை தேடாமல், திருநெல்வேலி ரயில் சந்திப்புக்கோ நெல்லையப்பர் கோயிலுக்கோ ஒரு பெண் ஏறிப் போய்விடலாம். முதுமையில் கண்ணும் காலும் தளரும்போது கார் ஓட்டுவது முதலில் நின்றுபோகும். எங்கள் இருவரில் கார் ஓட்டுகிறவர் அவர் மட்டுமே. ஆகவே கார் இல்லாமலேயே வாழக்கூடிய தெருவைத்தான் தேடினோம். தரகர்கள் காட்டிய புது மனைப்பிரிவுகளை எல்லாம் இந்த ஒரே காரணத்துக்காக ஒதுக்கினோம். நான்குவழிச் சாலைக்கு அப்பால் மலிவாகத்தான் இருந்தன. ஆனால் ஒரு தீப்பெட்டி வாங்கக்கூட வண்டி வேண்டும்.

இந்த ஊரிலும் வெள்ளப் பயம் இல்லாமல் இல்லை. 2023-இல் திருநெல்வேலி சந்திப்புப் பகுதியும், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் கொக்கிரகுளமும் தண்ணீரில் மூழ்கின. அதனால் வீடு பார்க்கப் போன ஒவ்வொரு தெருவிலும், விற்கிறவரிடம் கேட்காமல் மூலைக்கடைக்காரரிடம் கேட்டோம். எதுவரை தண்ணீர் வந்தது, எத்தனை நாள் நின்றது, மின்சாரம் எப்போது வந்தது என்று அவர்கள் கையால் காட்டிச் சொன்னார்கள். வில்லங்கச் சான்றிதழில் இது எதுவும் இருக்காது. வெயிலையும் சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசியில் பாளையின் வெயில் ஆளை வாட்டிவிடும். குவாஹாட்டியின் மழையில் பழகிய எனக்கு அது கஷ்டம்தான். மருத்துவமனையும் பஸ்ஸும் பக்கத்தில் இருப்பதற்காக அந்த வெயிலைப் பொறுத்துக்கொள்கிறேன்.

"ஊரை விட்டுக்கொடுத்துவிட்டாயே" என்று அவருடைய அண்ணன் முதலில் வருத்தப்பட்டார். "அத்தான், ஊரை நாங்கள் விடவில்லை. கோயில் கொடைக்கு வருவோம், அறுப்புக்கு வருவோம். அக்காவுக்குக் கண் பார்க்கவோ மூட்டுக்குக் காட்டவோ வேண்டுமென்றால் நீங்கள் எங்கள் வீட்டில் வந்து தங்கலாம்" என்றேன். அவர் அதை ஏற்றுக்கொண்டார். ஐப்பசியில் அக்கா வந்து பத்து நாள் தங்கிச் சிகிச்சை எடுத்துக்கொண்டு போனார். என் கணவருக்கு இன்னும் ஆற்றின் நினைப்பு இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் ஊருக்குப் போய்க் குளித்துவிட்டு மாலையில் திரும்பிவிடுகிறார்.

இப்போது வாடகை வீட்டில்தான் இருக்கிறோம், தரைத்தளம். ஒரு கோடையையும் ஒரு ஐப்பசி கார்த்திகையையும் இங்கே கழித்துப் பார்த்தபின்தான் வாங்குவது என்பது என் நிபந்தனை. வாங்கும் வீடு இருவர் பெயரிலும் பதிவாக வேண்டும், இருவரும் இருக்கும்வரை மகள் பெயருக்குக்கூட எழுதிவைக்கக் கூடாது என்பது அடுத்த நிபந்தனை. மகளிடமே சொன்னேன், அவளும் அதுதான் சரி என்றாள். ஊர் வீட்டை முறைப்படி பாகம் பிரித்துப் பதிவு செய்ய அண்ணனும் தம்பியும் சம்மதித்துவிட்டார்கள். தை பிறந்ததும் பத்திர எழுத்தரைப் பார்க்கப் போகிறோம். அன்றைக்கு நானும் அக்காவும் கூடவே போகிறோம்.